கணைய ஆப்பரேஷன்: ஐந்தாம் நாளில் வரும் சோதனை

"ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது."

ஜொகூரில் ஒரு மருத்துவமனை வராந்தா. காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு மாலை மூன்று மணிக்கு இந்த வார்த்தை கிடைத்தால் எப்படி இருக்கும்! மூவாரிலிருந்து வந்த தம்பி உடனே கைப்பேசியை எடுக்கிறார். குளுவாங்கில் இருக்கும் அக்காவுக்குச் சொல்கிறார். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லியாகிவிட்டது. குடல்வால் என்றாலோ பித்தப்பைக் கல் என்றாலோ இந்த மகிழ்ச்சி முழுக்க நியாயமானது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் வெட்டப்பட்டது கணையமாக இருந்தால்?

அங்கே கணக்கே வேறு. அந்த வார்த்தை பாதிக் கதைதான். மீதிக் கதை மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், சில சமயம் பதினைந்தாம் நாள் நடக்கிறது. கத்தி வைத்த கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், பிறகு வரும் நாள்களில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. இதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின.

ஏன் இந்த உறுப்பு மட்டும் இப்படி?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். எடை 100 கிராம் அளவுதான். இன்சுலின் சுரப்பது இதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. நாம் சாப்பிடும் இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கிற நீர் அது. கணையத்துக்குள் இருக்கும்வரை அந்த நீர் தூங்குகிறது. குடலைத் தொட்டதும் விழித்துக்கொள்கிறது.

இப்போது பாருங்கள். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுக்கட்டி என்று வைத்துக்கொள்வோம். அதோடு சேர்த்து முன்சிறுகுடல், பித்தக்குழாயின் ஒரு பகுதி, பித்தப்பை, பல நேரங்களில் இரைப்பையின் அடிப்பகுதி என எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் இவை ஒரே இரத்தக் குழாய்களைப் பங்கிட்டுக்கொண்டு பின்னிக் கிடக்கின்றன. எடுத்த பிறகு மூன்று இணைப்புகள் போட வேண்டும். இரைப்பையைக் குடலோடு தைத்தால் ஒட்டிக்கொள்ளும். பித்தக்குழாயைத் தைத்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். மீதிக் கணையத்தைக் குடலோடு தைப்பதுதான் சிக்கல். தேத்தண்ணியில் நனைத்த ரொட்டியில் ஊசி ஓட்டுவது போன்ற வேலை அது. தையல் எங்கேயாவது கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நீர் வயிற்றுக்குள் கசியும். விழித்துக்கொண்ட அந்த நீருக்கு ஆட்டிறைச்சி என்றும் நம் சதை என்றும் வித்தியாசம் தெரியாது. அருகிலுள்ள இரத்தக் குழாயின் சுவரையும் அரிக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோயால் இறுகிப்போன கணையத்தில் தையல் நன்றாக நிற்கும். ஆரோக்கியமான, மிருதுவான கணையத்தில்தான் கசிவு அதிகம். நல்ல உறுப்பே ஆபத்தான உறுப்பாகிவிடுகிறது!

பட்டு நூல் சொன்ன பாடம்

கணையத்தின் நடுவே ஓடும் குழாயை முதலில் வெளிப்படுத்தியவர் யோஹான் கியோர்க் விர்சுங். 1642-ல் இத்தாலியின் பதுவா நகரில், தூக்கிலிடப்பட்ட ஒரு குற்றவாளியின் உடலை அறுத்தபோது கண்டார். அந்தக் குழாய் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த ஆண்டே தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு 250 ஆண்டுகள் கணையத்தின் மீது கத்தி வைக்கப் பெரும்பாலும் யாருக்கும் துணிவு வரவில்லை.

1898-ல் இத்தாலியின் இமோலாவில் அலெஸ்ஸாண்ட்ரோ கொடிவில்லா என்ற மருத்துவர் கணையத்தின் தலையை வெட்டி எடுத்தார். நோயாளி அறுவையைத் தாங்கினார். அடுத்த சில வாரங்களைத் தாங்கவில்லை. 1909-ல் பெர்லினில் வால்தர் கௌஷ் இரண்டு கட்டமாக அதைச் செய்து முடித்தார். அவருடைய நோயாளி சில மாதங்கள் வாழ்ந்தார்.

அந்த 1909-ல்தான் ஜொகூரைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. கிம்மாஸிலிருந்து சிகாமட், குளுவாங் வழியாக ஜொகூர் பாருவுக்கு. இருமருங்கிலும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த மக்கள் அங்கே குடியேறினார்கள். தோட்டத்து மருத்துவமனையில் ஒரு டிரெஸ்ஸர் இருப்பார். மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பார். வயிற்றுவலி என்றால் ஒரு மருந்துத் தண்ணி. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, உடல் மஞ்சள் பூத்து, ஆள் இளைத்துச் செத்தால் "காமாலை" என்று எழுதி முடித்திருப்பார்கள். அந்தக் காமாலைகளில் எத்தனை கணையத்திலிருந்து வந்தவை? ஊகிக்கக்கூட வழியில்லை.

கணைய அறுவைக்கு இன்றும் பெயராக நிற்பவர் அமெரிக்காவின் ஆலன் விப்பிள். பாரசீகத்தில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் அவர் செய்த முதல் முயற்சியில் நோயாளி இரண்டு நாள்கூடத் தாண்டவில்லை. காரணத்தைத் தேடிப் பார்த்தார்கள். அக்காலத்தில் தையலுக்குக் கேட்கட் என்ற நூலைப் பயன்படுத்துவார்கள். ஆட்டுக் குடலிலிருந்து செய்வது. கணைய நீர் அதையும் இறைச்சி என்று நினைத்துச் செரித்துவிட்டது! பட்டு நூலுக்கு மாறினார்கள். 1935-ல் விப்பிளும் அவர் சகாக்களும் தங்கள் முறையை வெளியிட்டார்கள். சிக்கலைக் கூர்ந்து பார்த்ததால் வந்த முதல் முன்னேற்றம் அதுதான் என்று சொல்லலாம்.

அடுத்த தடை இரத்தம். மஞ்சள் காமாலை உள்ளவருக்கு இரத்தம் உறையாது. அதனால்தான் இரண்டு கட்டமாகச் செய்தார்கள்: முதலில் காமாலையைத் தணிப்பது, பிறகு வெட்டுவது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்டுபிடித்த வைட்டமின் கே வந்ததும் அந்தத் தடை விலகியது. 1940-ல் விப்பிள் ஒரே கட்டத்தில் செய்து காட்டினார். ஆனால் தம் வாழ்நாள் முழுவதும் அவர் இந்த அறுவையைச் செய்தது 37 முறைதான். 37! இன்று ஒரு பெரிய மையம் சில வாரங்களில் செய்துவிடும் எண்ணிக்கை.

"விட்டுவிடுங்கள்" என்றார்கள்

1960-களிலும் 70-களிலும் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? பல மருத்துவமனைகளில் இந்த அறுவை செய்துகொண்ட நால்வரில் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. 1970-ல் கிளீவ்லண்டின் ஜார்ஜ் கிரைல் வெளிப்படையாகவே எழுதினார்: கணையப் புற்றுக்கு இந்தப் பெரிய அறுவை வேண்டாம், அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போட்டுவிட்டால் போதும் என்று. அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைய எண்கள் அவர் பக்கம்தான் இருந்தன.

பிறகு மாறியது எது? பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஜான் கேமரனும் அவர் குழுவும் தொடர்ந்து 145 பேருக்கு விப்பிள் அறுவை செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று 1993-ல் அறிவித்தார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் அவர்களுக்கும் கசிவு வந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. கசிவு வந்தவர்கள் சாகவில்லை, அவ்வளவுதான். இதுதான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. கசிவு இன்றும் பத்துப் பேரில் ஒருவருக்காவது வருகிறது. அதை முழுதாக நிறுத்தும் தையலை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. கசிந்தவரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

1970-களில் வந்த சிடி ஸ்கேன் வயிற்றுக்குள் தேங்கிய நீரைக் காட்டியது. மீண்டும் வயிற்றைத் திறக்காமலே தோல் வழியாக ஒரு குழாயைச் செருகி அதை வடிக்க முடிந்தது. இரத்தக் குழாய் அரிக்கப்பட்டுக் கசிந்தால், தொடை வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி, உள்ளிருந்தே அடைத்துவிட முடிந்தது. ஆனால் இதற்கெல்லாம் இரவு இரண்டு மணிக்கும் ஆள் வேண்டும், கருவி வேண்டும், இரத்தம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்த நோயாளி நேற்றுப்போல் இல்லையே" என்று சந்தேகப்படும் ஒரு நர்ஸ் வேண்டும்.

2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணில் காட்டியது. கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. ஒரே நாடு, ஒரே அறுவை!

இன்னொரு குழப்பமும் இருந்தது. கசிவு என்றால் என்ன என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஒரு மருத்துவமனை நூற்றுக்கு இரண்டு என்றது, மற்றொன்று இருபது என்றது. 2005-ல் வெரோனாவின் கிளாடியோ பாஸ்ஸி தலைமையில் பல நாட்டு மருத்துவர்கள் கூடி ஓர் அளவுகோல் வகுத்தார்கள். மூன்றாம் நாளிலோ அதன் பிறகோ, வயிற்றுக் குழாயில் வடியும் நீரில் அமிலேஸ் அளவு இரத்தத்தின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால் அது கசிவு. 2016-ல் அதைத் திருத்தி, நோயாளிக்குத் தொல்லை தராத கசிவைத் தனியாகப் பிரித்தார்கள். காகிதத்தில் சின்ன விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிட முடிந்தது.

தோட்டத்திலிருந்து கோயம்புத்தூருக்கு

இந்த வரலாற்றில் நம்மவர்கள் பங்கு என்ன? இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, நோயே நம்முடையது. 1959-ல் சூய்டெமா என்ற டச்சு மருத்துவர், இந்தோனேசியாவில் குடிப்பழக்கமே இல்லாத ஏழை நோயாளிகளின் கணையத்தில் கற்கள் நிறைந்திருப்பதை எழுதினார். ஜொகூரிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் அண்டை வீடு. அதே நோய் கேரளாவில் கூட்டம் கூட்டமாக இருப்பதை கீவர்கீஸ் என்ற மருத்துவர் காட்டினார். தமிழ்நாட்டிலும் அது பரவலாக இருந்தது. சென்னையில் எம். விஸ்வநாதனும் வி. மோகனும் அதனால் வரும் நீரிழிவை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். இளம் வயதில் வயிற்றுவலி, பிறகு இனிப்புநீர், பிறகு உருக்குலைவு. மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பங்கள் ஜொகூரில் ஏராளம்; அந்தக் கிழங்குக்கு இப்படியொரு பழி! மரவள்ளியே உண்ணாதவர்களுக்கும் நோய் வந்தது. மரவள்ளியை முழு உணவாகக் கொண்ட ஆப்பிரிக்க ஊர்கள் பலவற்றில் அது வரவில்லை. 2002-ல் ஒரு மரபணுக் கோளாறு இதில் பங்கு வகிப்பது தெரிந்தது. இந்தக் கல் நோய்க்கு, குழாயை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, குடலோடு தைக்கும் அறுவையைச் செய்கிறார்கள். கணையம் இறுகியிருப்பதால் கசிவு குறைவு. வலி பெரும்பாலும் தணிகிறது. ஆனால் போன இன்சுலின் திரும்பி வருவதில்லை. "ஆப்பரேஷன் செய்தும் சர்க்கரை போகவில்லையே" என்று குறைப்படுகிறவருக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு மனிதர். நாமக்கல் பக்கத்து ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தோடு மலேசியாவுக்கு வந்து, இளமையில் கூலி வேலை பார்த்தவர் சி. பழனிவேலு. பிறகு தமிழகம் திரும்பிப் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவரானார். கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை உருவாக்கினார். வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகவே விப்பிள் அறுவையை 1998-ல் செய்யத் தொடங்கினார். உலகில் அதற்குத் துணிந்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2017-ல் அவர் குழு 64 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு வெளியானது. துளை வழி அறுவை செய்தவர்கள் 7 நாளில் வீடு போனார்கள். திறந்த அறுவை செய்தவர்களுக்கு 13 நாள் ஆனது.

அப்படியானால் எல்லாரும் துளை வழியே செய்துவிடலாமே? நெதர்லாந்தில் அதைத்தான் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள்தான் செய்தார்கள். ஆனால் துளை வழிப் பிரிவில் 50 பேரில் 5 பேர் சிக்கல்களால் இறந்தார்கள், திறந்த பிரிவில் 49 பேரில் ஒருவர். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2019-ல் முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். கோயம்புத்தூரின் இருபது ஆண்டுக் கை, சிடியில் வந்த பாடத்தால் வந்துவிடாது. துளை சிறிதானால் சிக்கலும் சிறிதாகும் என்று விளம்பரம் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

அதே நெதர்லாந்து மருத்துவர்கள் அடுத்துச் செய்ததுதான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. அவர்கள் புதுக் கத்தியைத் தேடவில்லை. 17 மருத்துவமனைகளிலும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். அறுவை முடிந்த நோயாளியின் காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்தப் பரிசோதனை, குழாயில் வடியும் நீர் ஆகியவற்றைத் தினமும் பார்ப்பது. குறித்த அளவைத் தாண்டினால் உடனே சிடி ஸ்கேன். நீர் தேங்கியிருந்தால் உடனே வடிப்பது. "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது. 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று நேர்வது நூற்றுக்கு 14-லிருந்து 8 ஆகக் குறைந்தது. இறப்பு 5-லிருந்து 3 ஆனது. 2022-ல் வெளிவந்த முடிவு இது.

வீடு திரும்பிய பிறகு

பிழைத்துவிட்டவருக்கும் வாழ்க்கை பழைய வாழ்க்கை அல்ல. இரைப்பை சில வாரங்கள் சோம்பிக் கிடக்கும், சாப்பிட்டது இறங்காது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2004-ல் இதே வகை அறுவை செய்துகொண்டவர். அடுத்த ஆண்டுகளில் மேடையில் அவர் இளைத்து இளைத்து வந்ததை உலகம் பார்த்தது. புற்றின் வேலை பாதி, செரிமானக் குறையின் வேலை பாதி.

செரிமான நீர் போதாமல் போனால் மலம் எண்ணெயாக மிதக்கும், எடை இறங்கும். அதற்கு மாத்திரை உண்டு. சாப்பாட்டின் நடுவே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிப் பயனில்லை. அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. மலாய் அன்பருக்கும், சைவம் கடைப்பிடிக்கும் நம்மவருக்கும் இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. பிறகு தெரிந்து மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு இளைக்கிறவர்கள் உண்டு.

அடுத்தது இனிப்புநீர். 2019-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு அது இருந்தது. இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் கணையத்தை வெட்டிய பிறகு வரும் சர்க்கரையையும் "வீட்டில் எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று எடுத்துக்கொள்கிறோம். அது வேறு சாதி. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினோடு, அதை ஏற்றும் குளுக்கான் என்ற சுரப்பும் குறைந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கொடுத்த அளவு ஊசியைப் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது தாமதமாக வரும் இரத்தப்போக்கு. இரண்டு வாரம் கழித்து, வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வரலாம். பல நேரங்களில் பெருவெள்ளத்துக்கு முன் ஒரு சிறு துளி முன்னறிவிப்பாக வருகிறது. குழாயில் கொஞ்சம் இரத்தம், அல்லது வாந்தியில், அல்லது மலம் தார்போல் கறுத்துப் போவது. பிறகு தானாக நின்றுவிடும். "நின்றுவிட்டதே" என்று குடும்பம் நிம்மதியடையும். அந்தச் சிறு துளிக்கும் பெருவெள்ளத்துக்கும் இடையே சில மணி நேரமோ சில நாளோதான் இருக்கிறது. கம்பி வழியாகக் குழாயை அடைக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர அந்த இடைவெளிதான் கிடைக்கும் நேரம்.

மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழி சுமார் 130 கிலோமீட்டர். சுகாதார அமைச்சின் கல்லீரல், கணைய அறுவைக்கான பெரிய மையமான செலாயாங் மருத்துவமனை இருப்பதோ கோலாலம்பூர் பக்கம், ஜொகூர் பாருவிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே வீட்டுக்குப் போகும் நாளில் குடும்பம் கேட்டு வாங்க வேண்டியது மூன்று. என்ன அறுவை, எந்த நாள், எந்தெந்த இணைப்பு என்று எழுதிய கடிதம். இரவில் யாரை அழைப்பது என்ற எண். காய்ச்சலோ கறுப்பு மலமோ கண்டால் பக்கத்துக் கிளினிக்கில் நேரம் கழிக்காமல் எந்த மருத்துவமனைக்கு நேராகப் போவது என்ற விவரம். அந்தக் கடிதத்தை அலமாரியில் பூட்டி வைக்காமல், கார்ச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டி வைக்கலாம்.